கடைமடைக்கும் நீர் வேண்டும்: ஊராட்சிகளும் அரசு தரும் நிதியும்

கிராம சபைக் கூட்டம் ஒன்றில் அமர்ந்து கவனித்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். மக்கள் எழுப்பும் கேள்விகள் நூறாக இருந்தாலும் அவற்றுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "தெருவிளக்கு ஏன் எரியவில்லை?" என்று ஒருவர் கேட்பார். "மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் எப்போது மாற்றுவீர்கள்?" என்று ஓர் அம்மையார் கேட்பார். "மழை பெய்தால் காலனித் தெருவில் நடக்க முடியவில்லையே!" என்று ஓர் இளைஞர் குமுறுவார். தலைவர் எழுந்து, "நிதி வந்ததும் செய்யப்படும்" என்பார். கூட்டம் கலையும்.

அந்த நிதி எங்கிருந்து வருகிறது? யார் தருகிறார்? எந்தக் கணக்கில் தருகிறார்? அது அரசு மனமுவந்து அளிக்கும் கொடையா, ஊர் கேட்டுப் பெற வேண்டிய உரிமையா? பொருளியல் பாடத்தில் நாம் படிக்கும் பொது நிதி, ஊர் மந்தைக்கு வந்து சேரும் வழியை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசுக்குரிய பணிகளைச் சொல்ல வந்த வள்ளுவர், பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல் என்று அடுக்கி, முறையாகப் பகிர்ந்தளிப்பதை இறுதியில் வைத்தார். முதல் மூன்றையும் செய்யும் அரசுகள் பல. நான்காவதில்தான் ஓர் அரசின் திறம் தெரியும்.

பழைய வேர்கள்

நம் பகுதிக்கு உள்ளாட்சி புதியதன்று. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியவற்றைக் குறிப்பிடுகின்றன. குடவோலை முறையை அறியாத மாணவர் எவருமிலர். இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் இராசேந்திரன் வெட்டிய சோழகங்கம், பொன்னேரி என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. ஏரிப் பாசனம் அறிந்த மக்களுக்கு நிதிப் பகிர்வைப் புரிந்துகொள்வது கடினமன்று. ஏரி நிறைந்தால் மட்டும் போதாது. மடை திறக்க வேண்டும். மடை திறந்தால் மட்டும் போதாது. வாய்க்கால் தூர்ந்திருக்கக் கூடாது. தலைமடைக்காரர் எடுத்தது போகக் கடைமடைக்காரருக்கும் நீர் எட்ட வேண்டும். அரசின் கருவூலம் ஏரி என்றால், ஊராட்சிகள் கடைமடை வயல்களாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1882-இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம், உள்ளாட்சி அமைப்புகளுக்கு அவற்றுக்கே உரிய வருவாய் வேண்டுமென்று வலியுறுத்தியது. பின்னர் வந்த 1884, 1920-ஆம் ஆண்டுகளின் சென்னைத் தல அமைப்புச் சட்டங்களின் கீழ் மாவட்டக் கழகங்கள் இயங்கின. பெரம்பலூரும் உடையார்பாளையமும் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வட்டங்கள்.

1958-ஆம் ஆண்டுச் சட்டம்

காமராசர் முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறிய 1958-ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிகள் சட்டம் ஊராட்சி ஒன்றியங்களை உருவாக்கியது. அவற்றின் கையில் தொடக்கப் பள்ளிகளும் சாலைகளும் சிறு பாசனமும் ஒப்படைக்கப்பட்டன. பணியைக் கொடுத்த சட்டம் பணத்துக்கும் வழி சொன்னது. நிலவரியின் மீது தலவரியும், தல மேல்வரியும் விதிக்கப்பட்டன. கல்விக்கும் சாலைக்கும் தனித்தனி மானியங்கள் வகுக்கப்பட்டன. ஊராட்சி வசூலிக்கும் வீட்டுவரிக்கு ஈடாக அரசும் ஒரு தொகை தரும் 'இணை மானியம்' என்னும் முறையும் வந்தது.

ஒன்றியப் பள்ளிகளின் ஆசிரியர்கள் 1981 சூன் முதல் நாள் தொட்டு அரசு ஊழியராயினர். ஆசிரியர்களுக்கு அது நன்மை பயத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றியத்தின் முதன்மையான பொறுப்பு ஒன்று அதன் கையை விட்டுப் போயிற்று. பள்ளிக் கட்டடம் மட்டும் ஒன்றியத்தின் பெயரில் நின்றது.

இணை மானிய முறையில் ஒரு நல்ல எண்ணமும் ஒரு குறையும் சேர்ந்தே இருந்தன. முயன்று வரி வசூலிக்கும் ஊருக்கு ஊக்கம் தருவது நல்ல எண்ணம். குறையை ஒரு கற்பனைக் கணக்கால் காண்போம். கடைவீதியும் மாடி வீடுகளும் உள்ள 'அ' ஊராட்சி ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய் வீட்டுவரி வசூலிக்கிறது. கூரை வீடுகளே மிகுந்த 'ஆ' ஊராட்சி 40 ஆயிரம் வசூலிக்கிறது. அரசு அதே அளவு தொகை தந்தால் முதல் ஊரின் கையில் 4 இலட்சம். இரண்டாவது ஊரின் கையில் 80 ஆயிரம். முன்பு 1 இலட்சத்து 60 ஆயிரமாக இருந்த வேறுபாடு இப்போது 3 இலட்சத்து 20 ஆயிரமாகி விடுகிறது! ஏழை ஊரார் சோம்பேறிகள் அல்லர். வரி போடுவதற்கு அங்கே வீடு இல்லை, அவ்வளவே.

சுண்ணாம்புக்கல்லும் ஒரு வழக்கும்

வரி போடுவதற்கு வீடு இல்லாவிட்டாலும் நம் மண்ணுக்கு அடியில் செல்வம் உண்டு. கடல் வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் நிறைந்த அரியலூர்ப் படுகை, சுண்ணாம்புக்கல் வளத்துக்குப் பெயர் பெற்றது. அதை நம்பியே அரசின் தமிழ்நாடு சிமெண்ட் நிறுவனமும், தனியார் ஆலைகள் பலவும் இங்கு எழுந்தன. பெரம்பலூர்ப் பக்கம் கல் குவாரிகள் மிகுதி. சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் எத்தனையோ ஊராட்சிகளைக் கடந்து செல்கின்றன. ஆலை அமைந்த ஊராட்சிக்குக் கட்டட வரியும் தொழில் வரியும் கிடைக்கும். அடுத்த ஊராட்சிக்குக் கிடைப்பது புழுதியும் பள்ளம் விழுந்த சாலையுமே.

இந்தச் செல்வத்தில் உள்ளாட்சிக்குப் பங்கு வேண்டும் என்ற எண்ணம் அறுபதாண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் பிறந்தது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு நிலவரியில் ரூபாய்க்கு 45 காசு தலவரி விதித்தது. 1964-இல் கொண்டுவந்த திருத்தம், சுரங்கக் குத்தகைக்காரர் அரசுக்குச் செலுத்தும் 'ராயல்டி' எனப்படும் உரிமைத் தொகையையும் நிலவரி என்ற சொல்லுக்குள் அடக்கியது. இதனால் சுண்ணாம்புக்கல் எடுப்போர் உரிமைத் தொகையின் மீதும் தலவரி செலுத்த வேண்டியதாயிற்று.

இதை எதிர்த்து இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் வழக்காடியது. 1989 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, உரிமைத் தொகை என்பதே ஒரு வரி என்றும், அதன் மீது மாநிலச் சட்டமன்றம் மேலும் வரி விதிக்க இயலாது என்றும் தீர்ப்பளித்தது. பல மாநிலங்கள் கனிமங்களின் மீது விதித்திருந்த வரிகளும் அத்தீர்ப்பால் ஆட்டம் கண்டன.

முப்பத்தைந்து ஆண்டுகள் உருண்டோடின. 2024 சூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அப்பழைய தீர்ப்பை மாற்றியது. தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அவ்வமர்வில் நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டார். உரிமைத் தொகை என்பது வரியன்று, கனிமத்தை எடுக்கும் உரிமைக்காக ஒப்பந்தப்படி கொடுக்கப்படும் விலை. எனவே கனிம உரிமைகளின் மீதும் கனிமம் உள்ள நிலத்தின் மீதும் வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்பதே பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். இதையடுத்துத் தமிழ்நாடு அரசு கனிமம் உள்ள நிலங்களுக்கான வரிச் சட்டத்தை 2024-இல் இயற்றி, 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் என வரி குறிக்கப்பட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். 1964-இல் விதிக்கப்பட்டது உள்ளாட்சிக்கென்றே எழுந்த தலவரி. 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரியோ மாநில அரசின் வரி. இடைப்பட்ட காலத்தில் 2015-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத் திருத்தத்தால் மாவட்ட கனிம அறக்கட்டளைகள் வந்தன. பழைய குத்தகைக்காரர் உரிமைத் தொகையில் 30 விழுக்காட்டுக்குச் சமமான தொகையையும், ஏலத்தில் எடுத்த புதிய குத்தகைக்காரர் 10 விழுக்காட்டுக்குச் சமமான தொகையையும் அதற்குச் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் செலவிடவே அந்நிதி வந்தது. எனினும் அறக்கட்டளையைக் கூட்டி முடிவெடுப்பது மாவட்ட நிருவாகம். ஊராட்சித் தலைவர் அங்கே விண்ணப்பத்துடன் நிற்பவர். தன் ஊர் மண்ணிலிருந்து எழும் செல்வத்துக்கு ஊரே மனுக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

மானியம் பங்கான கதை

1992-இல் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமே இத்துறையில் பெரிய திருப்பம். அதன்படி ஒவ்வொரு மாநிலமும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதிக்குழுவை அமைக்க வேண்டும். மாநிலத்தின் வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு, அதை எப்படிப் பிரிப்பது என்பதை அக்குழு பரிந்துரைக்கும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் 1994-இல் வந்தது. அதுவரை அமைச்சரும் அலுவலரும் பார்த்துக் கொடுத்து வந்ததற்கு இனி ஒரு கணக்கு ஏற்பட்டது.

முதல் நிதிக்குழுவின் காலமான 1997-2002-இல் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 8 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குத் தர அரசு இசைந்தது. மூன்றாம் நிதிக்குழுவின் காலத்தில் (2007-12) அது படிப்படியாக உயர்ந்து 10 விழுக்காட்டை எட்டியது. ஐந்தாம் நிதிக்குழுவின் காலத்திலும் (2017-22) அதே 10 விழுக்காடே நின்றது.

அடுத்த மடை, ஊரகத்துக்கும் நகரத்துக்கும் இடையே உள்ளது. மூன்றாம் நிதிக்குழுவின் காலத்தில் ஊரகத்துக்கு 58, நகரத்துக்கு 42 என இருந்த விகிதம், ஐந்தாம் நிதிக்குழுவின் காலத்தில் 56-க்கு 44 என்றாயிற்று. நகரங்கள் பெருகுவதால் இம்மாற்றத்துக்கு நியாயம் உண்டு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் ஏறத்தாழ 48 விழுக்காட்டினர் நகரவாசிகள். ஆயினும் அரியலூர் மாவட்டத்தின் 7,54,894 மக்களில் பத்தில் ஒன்பது பேர் கிராமங்களில் வாழ்கின்றனர். பெரம்பலூர் மாவட்டத்தின் 5,65,223 மக்களில் நகரவாசிகள் ஏறத்தாழ 17 விழுக்காடுதான். ஆகையால் ஊரகப் பங்கில் குறையும் ஒவ்வொரு புள்ளியும் சென்னைக்கு ஒரு சிறு மாற்றம். செந்துறைக்கும் வேப்பூருக்கும் பெரிய இழப்பு.

மூன்றாவது மடை, மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி என்னும் மூன்று அடுக்குகளுக்கு இடையே உள்ளது. ஐந்தாம் நிதிக்குழுவின் காலத்தில் இது 8, 37, 55 என வகுக்கப்பட்டது. இறுதியாகக் கிராம ஊராட்சிகளுக்குள் பிரிக்கும்போது மக்கள் தொகையே முதன்மையான அளவுகோல். அதற்கு முன் ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை உறுதி செய்யப்படுகிறது. அத்தொகை 3 இலட்சத்தில் தொடங்கி 5 இலட்சம், 7 இலட்சம் என உயர்த்தப்பட்டது.

இக்குறைந்தபட்சத் தொகை சிறிய ஏற்பாடாகத் தோன்றலாம். மேலே கண்ட 'ஆ' ஊராட்சியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். இணை மானியத்தில் 40 ஆயிரம் பெற்ற ஊர் இப்போது, தன்னிடம் வீட்டுவரி எவ்வளவு வசூலானாலும், 'அ' ஊரைப் போலவே ஆண்டுக்கு 7 இலட்சம் பெறுகிறது. வசதியைப் பார்த்துக் கொடுக்கும் முறைக்கும் தேவையைப் பார்த்துக் கொடுக்கும் முறைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. 1933-இல் ஆஸ்திரேலியா அமைத்த மானியக் குழுவும் இவ்வெண்ணத்தையே அடிப்படையாகக் கொண்டது. எந்த மாநிலத்தில் பிறந்தவருக்கும் ஏறத்தாழ ஒரே தரமான பொதுப் பணி கிடைக்க வேண்டும் என்று அந்நாடு கருதியது.

2019-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது பெரம்பலூர் மாவட்டத்தில் 4 ஒன்றியங்களும் 121 கிராம ஊராட்சிகளும், அரியலூர் மாவட்டத்தில் 6 ஒன்றியங்களும் 201 கிராம ஊராட்சிகளும் இருந்தன. ஓர் ஊராட்சிக்குச் சராசரி 3,500 பேர் எனலாம். ஒரே ஊராட்சிக்குள் தொலைவில் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள் பல. ஒரே தெருவாக அமைந்த ஊருக்கு ஒரு தொட்டி போதும். நான்கு குக்கிராமங்களுக்கு நான்கு தொட்டியும் நான்கு மோட்டாரும் வேண்டும். தலையை எண்ணிக் கொடுத்தால் இத்தேவை கணக்கில் வாராது. 2006-11 காலத்து அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சியையே அலகாகக் கொண்டது. 2011-இல் வந்த தாய் திட்டம் குக்கிராமங்களின் எண்ணிக்கையைப் பார்த்துத் தொகையை வகுத்தது. எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே எந்த ஊருக்கு நீர் பாயும் என்பது முடிவாகிறது.

வந்த பணம் எங்கே போகிறது?

நிதிக்குழு மானியம் வந்தவுடன் முதலில் கைநீட்டுவது மின்கட்டணம். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் மின்கட்டணத்தையும், கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குச் செலுத்த வேண்டிய தொகையையும் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்கிறார்கள். கொள்ளிடக் கரையில் உள்ள திருமானூர், தா.பழூர்ப் பகுதிகளில் நிலத்தடி நீர் கைகொடுக்கும். மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பெரம்பலூர் மேட்டு நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு எவ்வளவு ஆழமோ அவ்வளவு மின்சாரம் செலவாகும். ஒரே தொகை பெறும் இரண்டு ஊர்களில், நீர் ஆழத்தில் உள்ள ஊருக்கு வேறு வேலை செய்யப் பணம் மிஞ்சுவதில்லை. பிறகு தூய்மைப் பணியாளர், தொட்டி இயக்குபவர் ஆகியோருக்கான ஊதியம், பிளீச்சிங் பவுடர், பல்புகள். புதிய சாலை ஒன்று போடவேண்டுமென்றால் திட்ட நிதியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதே.

திட்ட நிதி என்பது மேலிருந்து 'இதற்கு மட்டும்' என்று முத்திரை குத்தி வருவது. சுடுகாட்டுப் பாதை தேவைப்படும் ஊருக்குப் பூங்கா கட்டப் பணம் வந்தால் பூங்காதான் கட்டலாம். கேரள அரசு 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, எதற்குச் செலவிடலாம் என்பதை ஊரார் கூடி முடிவு செய்தனர். பக்கத்து மாநிலத்தின் அந்தப் பாடம் நாம் கற்க வேண்டியதாகும்.

நடுவண் நிதியும் மூன்றாண்டு வறட்சியும்

மாநில நிதியன்றி நடுவண் நிதிக்குழுவின் மானியமும் உண்டு. 1995-2000 காலத்துக்கான பத்தாவது நிதிக்குழு இதைத் தொடங்கி வைத்தது. 2015-20 காலத்துக்கான பதினான்காவது குழு 2,00,292 கோடி ரூபாயை நாடு முழுவதும் உள்ள ஊராட்சிகளுக்கென ஒதுக்கி, அதைக் கிராம ஊராட்சிகளுக்கே நேரே தருமாறு கூறியது. 2021-26 காலத்துக்கான பதினைந்தாவது குழு மூன்று அடுக்குகளையும் மீண்டும் சேர்த்துக் கொண்டது. ஆனால் தொகையில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப் போட்டது.

இம்மானியத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அப்போது அறிவிக்கப்பட்டிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் இரத்து செய்தது. அதன்பின் வழக்குகளாலும் வார்டு மறுவரையறையாலும் தேர்தல் தள்ளிக்கொண்டே போய், பெரம்பலூர், அரியலூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடைப்பட்ட மூன்றாண்டுகளும் தனி அலுவலர் ஆட்சி. மன்றம் இல்லை என்று கூறி நடுவண் அரசு மானியத்தை நிறுத்தி வைத்தது. தேர்தல் நடத்தாதது ஊராரின் குற்றமன்று. தண்டனை மட்டும் ஊருக்குக் கிடைத்தது. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலமும் 2025 சனவரி 5-ஆம் நாளுடன் முடிந்து மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். வாக்குப் பெட்டிக்கும் குடிநீர்க் குழாய்க்கும் இடையே இவ்வளவு நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

இந்தக் கேள்வி சிலருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சுடும். பெரம்பலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் பட்டியல் இனத்தவர். இட ஒதுக்கீட்டால் அவர்களும் பெண்களும் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் அமரும் நிலை வந்தது. தலைமுறைகளாக வாசலில் நின்றவர் உள்ளே வந்து அமரும்போது பெட்டி காலியாக இருந்தால், அந்த நாற்காலிக்கு என்ன பொருள்? "அவர் வந்தார், ஒன்றும் செய்யவில்லை" என்ற பழிதான் மிஞ்சும். நிதிப் பகிர்வு என்பது எண்களைப் பற்றிய செய்தி மட்டுமன்று. அது மானத்தைப் பற்றிய செய்தியும் ஆகும்.

நாம் செய்யக்கூடியது

அரசு தரவேண்டியதைக் கேட்கும் ஊர், தான் செய்ய வேண்டியதையும் செய்ய வேண்டும். தேர்தல் அச்சத்தால் வீட்டுவரியைத் திருத்தாத மன்றங்களும், வரி பாக்கி வைத்துக்கொண்டே விளக்கு கேட்கும் குடிமக்களும் உண்டு என்பதை மறுக்க இயலாது. அதே வேளையில், ஏழை ஊரின் இயலாமையை அதன் சோம்பலாகக் கருதிவிடக் கூடாது. குறைந்தபட்சத் தொகை விலைவாசிக்கு ஏற்ப உயர வேண்டும். நீரின் ஆழமும் குக்கிராமங்களின் எண்ணிக்கையும் அளவுகோலில் சேர வேண்டும். சுண்ணாம்புக்கல்லுக்கு விதிக்கப்படும் வரியில் கல் எடுக்கப்படும் ஊருக்கும், லாரி கடந்து செல்லும் ஊருக்கும் தெளிவான பங்கு குறிக்கப்பட வேண்டும். இனி வரும் நிதிக்குழுக்கள் இவற்றை எண்ணிப் பார்க்குமாக.

மாணவ நண்பர்களே! சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும் என 2022-இல் அறிவிக்கப்பட்டது. இவற்றுள் பல நமக்கு விடுமுறை நாட்கள். அடுத்த முறை ஊரில் இருந்தால் கூட்டத்துக்குச் செல்லுங்கள். வரவு செலவு படிக்கப்படும்போது மூன்றே கேள்விகளைக் கேளுங்கள்: நிதிக்குழு மானியம் இவ்வாண்டு எவ்வளவு வந்தது? அதில் மின்கட்டணம் போக மிச்சம் எவ்வளவு? வீட்டுவரி பாக்கி எவ்வளவு? முதல் கேள்வி அரசைப் பார்த்து, இரண்டாவது மன்றத்தைப் பார்த்து, மூன்றாவது நம்மையே பார்த்து.

மடையைத் திறக்கச் சொல்லும் உரிமை கடைமடைக்காரருக்கு உண்டு. தன் வயலுக்கு வரும் வாய்க்காலைத் தூர்வாரும் கடமையும் அவருக்கே உண்டு. இரண்டும் ஒருசேர நடந்தால் மேட்டு நிலமும் விளையும்.